பிரீடாவின் கணக்கில் ஒரு பறவை

வெட்கத்தை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு மலையில் நடந்த பறவைக் கணக்கெடுப்பில், ஒரு வருடம் நானும் ஒரு பறவையாக எண்ணப்பட்டேன். எண்ணியவர் கண்பார்வை நன்றாக உள்ளவர். தவறு அவருடையது அல்ல.

இது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் என் மனைவி. போன சனிக்கிழமை அவள் அலமாரியை ஒதுக்கி, தருமக் கடைக்குக் கொடுக்க வேண்டியவற்றைக் கறுப்புப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து என் பச்சைக் கோட் வெளியே வந்தது. மெழுகு பூசிய, மழை இறங்காத, நாட்டுப்புறக் கனவான்கள் போடுகிற கோட்.

"இதை எத்தினை தரம் போட்டனியள்?"

"வேட்டைக்குப் போட்டனான்."

"அதைத்தான் கேக்கிறன். எத்தினை வேட்டை?"

சில கேள்விகளுக்கு 'ஒன்று' என்று பதில் சொல்வதைவிட மௌனமாக இருப்பது கௌரவம். கோட்டை வாங்கி, அதன் முதுகுப்புற உட்பைக்குள் மூக்கை விட்டேன். நீங்கள் இந்த வகைக் கோட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சுட்ட பறவையைப் போட்டுத் தூக்கி வருவதற்கென்றே முதுகில் அகலமான பை ஒன்று, இரத்தம் பட்டால் துடைக்கக்கூடிய உறையோடு வைத்துத் தைத்திருப்பார்கள். என்னுடைய பைக்குள் இன்றுவரை பறவை எதுவும் போனதில்லை. குடை போயிருக்கிறது. இருமல் மிட்டாய் போயிருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், புட்டும் கோழிக்கறியும் போயிருக்கின்றன.

மெழுகு மணத்தது. நனைந்த நாய் மணத்தது. அவற்றுக்கும் கீழே, இத்தனை வருடங்களுக்குப் பிறகும், மஞ்சள் மணத்தது.

அந்த நனைந்த நாய் பிரீடா. சூசை அண்ணையின் நாய். சூசை அண்ணை மன்னார்ப் பக்கத்தவர். இளவயதில் ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு சிறு நகரத்தில் பல காலம் இருந்து, பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு, அதன் தெற்கோரத்துச் சட்டனுக்கு, இடம்பெயர்ந்தவர். குளியலறைகளுக்குத் தரைஓடு பதிப்பது தொழில். நான் அப்போது பக்கத்து நூலகத்தில் வேலை பார்த்தேன். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது பழக்கமானோம். பலரும் வீடு, வட்டி, பிள்ளைகளின் பரீட்சை பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் நாயைப் பற்றிக் கதைத்தார். நான் கேட்டேன். எனக்கும் வட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிரீடா ஜெர்மனியிலிருந்து அவரோடு வந்தவள். கபில நிறம், குட்டையான மயிர், மார்பில் வெள்ளைப் புள்ளிகள். வேட்டை நாய்களிலே ஒரு தனிச் சாதி அது. துரத்தாது, குரைக்காது, கடிக்காது. பற்றைக்குள் பதுங்கியிருக்கும் பறவையின் வாடை மூக்கில் பட்டதும் அப்படியே உறைந்து நின்றுவிடும். முன்னங்கால் ஒன்று தூக்கியபடி, வால் நேராக, மூக்கு பறவை இருக்கும் திசையில். பின்னால் வருகிறவர் வந்து சேரும்வரை அந்த நிலை கலையாது. "இஞ்சை இருக்கு" என்று உடம்பாலேயே சொல்கிற நாய்.

சட்டனில் அதற்குச் சொல்ல என்ன இருக்கிறது? புறாவும் நரியும்தான். வேலையில்லாத நாய் வீட்டுக்குள் வேலை தேடியது. சோபாவின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தது. பிலோமி அக்கா, அதாவது சூசை அண்ணையின் மனைவி, கண்ணாடிக் கூண்டு வைத்துக் குளிருக்குக் காப்பாற்றி வளர்த்த கறிவேப்பிலைக் கன்றை வேரோடு தோண்டிப் போட்டது. தனியே விட்டால் ஊளையிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு முறையிட்டார். லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பம் எதையும் தாங்கும். கவுன்சிலில் இருந்து கடிதம் வருவதைத் தாங்காது.

பிலோமி அக்கா தீர்ப்புச் சொன்னார். வேல்ஸில் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் நாயை எடுக்கத் தயாராக இருந்தார். "வேலை செய்யிற சீவனெண்டா வீட்டில வைச்சுச் சோறு போடலாம். இது சும்மா இருந்து திண்டு வீட்டையும் உடைக்குது. இந்தக் கோடைக்குள்ள இது ஒரு வேலை செய்து காட்டட்டும். இல்லாட்டி வேல்ஸ்."

அன்றைக்குச் சூசை அண்ணை என்னிடம் சொன்னதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். பிறகுதான் சிரிப்பு நின்றது. "தம்பி, லண்டனில எனக்கு ஜெர்மன் கதைக்க வேற ஆர் இருக்கினம்? பிள்ளையள் மறந்திட்டினம். மனிசி கதைக்கமாட்டன் எண்டுது. இருவது வரியம் நான் அந்தப் பாஷையிலதானே மனிசனா இருந்தனான்." பிரீடாவுக்கு உட்கார், வா, பொறு எல்லாம் ஜெர்மனில்தான். அது மட்டுமல்ல, ஓடு பதிக்கும்போது வேனுக்குள் இருக்கும் அவளோடு அவர் ஊர்ப் புதினம், கால்நோ, காலநிலை எல்லாம் ஜெர்மனில் பேசுவாராம். அவள் தலையைச் சாய்த்துக் கேட்பாளாம். வேல்ஸுக்குப் போனால் அவரது பாதி ஆயுளும் அவளோடு போய்விடும்.

வேலை அவளைத் தேடி வந்தது ஒரு குளியலறை வழியாக. அவர் ஓடு பதித்த வீட்டுக்காரர், வயதான ஆங்கிலேயர், வேனுக்குள் இருந்த பிரீடாவைக் கண்டு குளியலறையை மறந்து வெளியே வந்துவிட்டார். அவருக்கு வடக்கே மலைப்பக்கம் நண்பர்கள் இருந்தார்கள். அங்கே க்ரௌஸ் என்றொரு பறவை. நம்முடைய கௌதாரிக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கபில நிறம், முழங்கால் உயரச் செடிகளுக்குள் பதுங்கிக் கிடக்கும். ஆகஸ்டில் அதைச் சுடும் பருவம் தொடங்கும். அதற்கு முன், ஜூலை முடிவில், இத்தகைய நாய்களை மலையில் விட்டு எத்தனை பறவை இருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை போதாவிட்டால் அந்த வருடம் வேட்டை இல்லை. துப்பாக்கி இல்லாத வேட்டை அது. நாய் காட்டும், பறவை எழும்பும், மனிதர் எண்ணுவார். நாயைக் கொண்டு வா, பார்ப்போம் என்றார் குளியலறைக்காரர்.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். இந்தக் கதையில் எவரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எதற்கும் ஒரு புத்தகம் இருக்கிறது என்று நம்புவான். நானும் இப்படிப் பறவையைச் சுட்டிக்காட்டும் நாய்களைப் பழக்குவது பற்றிப் பழைய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, என் பெயரிலேயே பதிந்து, ஒரு வார இறுதியில் வாசித்து முடித்தேன். அதில் ஒரு முறை இருந்தது. தூண்டில் தடியின் நுனியில் பறவைச் சிறகு ஒன்றைக் கட்டி, நாயின் முன்னால் தரையில் ஆட்டு. முதலில் பாயும். பாயும்போது இழுத்துவிடு. பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் நின்று சுட்டத் தொடங்கும்.

"சிறகு" என்றுதான் புத்தகம் சொன்னது. இறகோடு என்று சொல்லவில்லை. அதை எழுதியவர் என்னைப் போல ஒரு வாசகனைக் கற்பனை செய்திருக்க மாட்டார்.

"அண்ணை, கோழிச் செட்டை வேணும்," என்றேன்.

"அதுக்கென்ன, பிறிசருக்குள்ள நிறையக் கிடக்கு," என்றார் சூசை அண்ணை.

கிடந்தது. பிலோமி அக்காவின் வீட்டுக்குள் எந்த இறைச்சியும் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவாமல் குளிர்ப்பெட்டிக்குள் நுழைந்ததில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் எங்கள் இருவருக்கும் அது கண்ணில் படவே இல்லை. வெள்ளைக்காரன் ஒருவன் நாங்கள் நாயைப் பழக்கிய பின்வளவுத் தோட்டத்தை எட்டிப் பார்த்திருந்தால், தடி நுனியில் தங்க நிறத்தில் ஆடியது என்னவென்று கேட்டிருப்பான்.

ஜூன் முழுக்க, வேலை முடிந்து வந்து, பின்வளவில் நாங்கள் இருவரும் நாய்க்குக் கோழிச் செட்டை ஆட்டினோம். பிரீடா இரண்டாம் நாளே பாடத்தைப் பிடித்துவிட்டாள். அடடா, என்ன நிலை! கால் தூக்கி, வால் நிமிர்த்தி, மூச்சுக்கூடத் தெரியாமல். சூசை அண்ணைக்குக் கண் கலங்கியது. நானும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் சமையலறைக் கதவைச் சுட்டினாள். கோயில் திருவிழாவில் சோற்று வரிசையைச் சுட்டினாள். "பாத்தியளே, தானாப் பழகுது," என்று பெருமைப்பட்டோம். பச்சைக் கோட் வாங்கியது அந்த வாரம்தான்.

ஜூலை முடிவில் விடியமுன் சட்டனிலிருந்து சூசை அண்ணையின் தரைஓட்டு வேனில் புறப்பட்டோம். பிலோமி அக்காவும் ஏறினார். "நானும் வாறன். நீங்கள் ரெண்டு பேரும் போனால் வந்து பொய் சொல்லுவியள்." கையில் செபமாலை. மடியில் சாப்பாட்டுப் பார்சல்கள். பின்னால் ஓட்டுப் பெட்டிகளுக்கிடையே பிரீடா, பார்சல்களைச் சுட்டியபடி. ஐந்து மணிநேரம்.

மலை என்றால் நம்மூர் மலையல்ல. வானத்துக்குக் கீழே விரித்துப் போட்ட பழைய கம்பளம் மாதிரி அலையலையாகக் கிடந்தது. கம்பளத்தில் ஊதாப் பூ அங்கங்கே எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. மரம் இல்லை. காற்று இருந்தது, நிறைய. குளியலறைக்காரரோடு மலைக்காவலர் ஒருவர் காத்திருந்தார். நீண்டு மெலிந்த மனிதர். சொற்களைச் சம்பளத்திலிருந்து வெட்டுகிறார்கள் என்பது போலப் பேசினார். நாய் சுட்டி, பறவைகள் எழும்பியதும், அவர் தாய் தகப்பனையும் குஞ்சுகளையும் பிரித்து எண்ணி உரக்கச் சொல்வார். "இரண்டு பெரிசு, ஆறு சிறிசு." அவ்வளவுதான். வேறு நாய் ஒன்று காலையில் இப்படி நான்கைந்து கூட்டம் காட்டியது. பிரீடா ஒன்றும் காட்டவில்லை. அவள் காற்றை எதிர்த்து இடம் வலமாக அழகாக ஓடினாள். ஆனால் எதற்கும் நிற்கவில்லை. ஒரு தடவை பறவைகளைக் கடந்தே போனாள்; அவை அவளுக்குப் பின்னால் எழுந்து பறந்தன. சூசை அண்ணையின் முகம் சாந்து காய்ந்த மாதிரி இறுகியது.

எனக்குப் புதுச் சப்பாத்து கடித்தது. கூட்டத்தோடு செடிகளுக்குள் நடக்க முடியாமல், வண்டிப்பாதை வழியே மெல்லப் போகிறேன் என்றேன். பாதை வளைந்து என்னை அவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது, எனக்குத் தெரியாது. பள்ளம் ஒன்றில் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து, முதுகுப் பையிலிருந்து பார்சலைப் பிரித்தேன். புட்டு. கோழிக்கறி. மலைக்காற்றில் அது ஆறிப்போயும் அமிர்தமாக இருந்தது.

இரண்டாம் வாயில் நிமிர்ந்து பார்க்கிறேன், கீழே, செடிகளுக்கு மேலே, பிரீடாவின் தலை. ஓடி வந்தவள் கயிறு கட்டி இழுத்தது போல நின்றாள். கால் உயர்ந்தது. வால் நிமிர்ந்தது. மூக்கு என் பக்கம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் பக்கத்தில் எங்கோ பறவை! புத்தகம் வாசித்தவனல்லவா, என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அசையக்கூடாது. பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு செடிகளுக்குள் குப்புறப் படுத்தேன். சூசை அண்ணை கையை உயர்த்துவதும், எல்லோரும் அரைவட்டமாக ஓசைப்படாமல் நெருங்கி வருவதும் செடியிடுக்கில் தெரிந்தது. குளியலறைக்காரர் தொப்பியைக் கழற்றியிருந்தார். அவ்வளவு அழகான நிலையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார். மாதாவே, எழும்பட்டும், ஒரு எட்டுப் பறவையாவது எழும்பட்டும் என்று நானும் படுத்தபடியே வேண்டினேன்.

சூசை அண்ணை ஜெர்மனில் மெதுவாக ஒரு சொல் சொன்னார். பிரீடா ஒவ்வொரு அடியாக முன்னே வந்தாள். வந்து, என் வலக்கை விரல்களை நக்கினாள்.

வேறு வழியில்லாமல் எழும்பினேன்.

மலைக்காவலர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பச்சைக் கோட், மார்பில் புட்டு, மஞ்சள் விரல்கள். முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"ஒரு பெரிசு," என்று உரக்கச் சொன்னார். "சிறிசு இல்லை."

குளியலறைக்காரர் சிரித்துச் சிரித்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரிக்கத் தொடங்கி, சூசை அண்ணையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மஞ்சள்," என்றார்.

இருவர் தலைக்குள்ளும் ஒரே நேரத்தில் ஜூன் மாதம் முழுவதும் ஓடியது. பிரீடா கெட்டிக்காரி. நாங்கள் படிப்பித்ததைப் பிசகாமல் படித்திருந்தாள். அவர் நாயிடம் குனிந்து ஜெர்மனில் ஏதோ நீளமாகச் சொன்னார். அவளுக்கு விளங்கியது. எனக்கு விளங்காதது நல்லது.

மேற்கில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. கல்மதில் வரையும் ஒரு துண்டு நிலம் மட்டும் பாக்கி இருந்தது. சூசை அண்ணை ஓடு பதிக்கிற ஆங்கிலத்தில் காவலரிடம் கேட்டார்: ஒரு தரம், கடைசியாக ஒரே ஒரு தரம். காவலர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாய் போகலாம், ஆனால் இந்த ஆளும் இவருடைய சாப்பாடும் முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும் என்றார்.

எனவே பிரீடாவின் வாழ்க்கையின் மிகப் பெரிய கணத்தை நான் ஓட்டு வேனின் முன்கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். பக்கத்தில் பிலோமி அக்கா, கையில் செபமாலை. வேன் முழுக்கக் கறி வாசம்; இருவர் மூச்சிலும் கண்ணாடி புகாரடித்தது.

"அக்கா, யன்னலைக் கொஞ்சம் திறக்கட்டோ?"

"திறந்து பாருங்கோ. உங்களைத்தான் வேல்ஸுக்கு அனுப்புவன்."

கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்தேன். தூரத்தில் கபிலப் புள்ளி ஒன்று காற்றை எதிர்த்து வீசி வீசி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது போனால் உங்களுக்கு நிம்மதிதானே?"

அவர் மணியை உருட்டிக்கொண்டே சொன்னார். "என்ன நிம்மதி? அது போனா இந்த மனிசன் ஊமையாப் போம். என்னோட தமிழிலயும் கதைக்கிறேல்லை. அதோடயாவது கதைக்கட்டும் எண்டுதானே நானும் செபம் சொல்லுறன்."

"அப்ப ஏன் வேல்ஸ், வேல்ஸ் எண்டு..."

"அப்பிடிச் சொல்லாட்டி இவர் அதைச் சோபாவில வைச்சுக் கிழவியாக்கிப் போடுவார். அதுக்கும் ஒரு சீவியம் இருக்கெல்லே."

சிறிது நேரத்தில் மணிகளின் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு மணியை இரண்டு விரலுக்கிடையே பிடித்தபடி உறைந்து போயிருந்தார். நான் மறுபடி கண்ணாடியைத் துடைத்தேன்.

கபிலப் புள்ளி ஓடவில்லை. மதிலுக்கு இப்பால், சரிவில், கீறி வைத்தது போல நின்றது. இந்தத் தடவை கால் அவ்வளவு அழகாக உயரவில்லை. வால் நடுங்கியது. எங்கள் தோட்டத்தில் காட்டிய ஒயில் எதுவும் இல்லை. தனக்கே என்னவென்று தெரியாத ஒன்று தன்னைப் பிடித்து நிறுத்திவிட்டது போல நின்றாள். சூசை அண்ணை அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். செடி வெடித்தது. பறவைகள் தாழ்வாக, சிறகடித்துச் சறுக்கி, சரிவுக்குக் கீழே போயின. பிரீடா துரத்தவில்லை. சூசை அண்ணை அவள் பக்கத்தில் ஈர நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினை?" என்றார் பிலோமி அக்கா.

காவலரின் குரல் வேனுக்குள் கேட்காது. கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது.

சூசை அண்ணை நனைந்துகொண்டு ஓடி வந்தார், பின்னாலே பிரீடா. அதற்குள் அக்கா செபமாலையைப் பைக்குள் போட்டு, பார்சலைக் கையில் எடுத்து, யன்னலுக்கு வெளியே ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பெரிசு, ஏழு சிறிசு! கண்டனீரே?"

"ஓம், ஓம், கண்டனான். தலையைத் துடையுங்கோ. சாப்பிடுவம்." பிறகு பார்சலிலிருந்து பெரிய துண்டு இறைச்சி ஒன்றை எலும்பு நீக்கி எடுத்தார். "உவளுக்கும் குடுங்கோ. அவளும் வேலைக்குப் போட்டு வந்தவள்தானே."

வேல்ஸ் என்ற பேச்சு அதன் பிறகு அந்த வீட்டில் எழவில்லை. பிரீடா ஒவ்வொரு வருடமும் மலைக்குப் போனாள். எண்ணப் போனாள், பருவம் தொடங்கியதும் துப்பாக்கிக்காரர்களோடும் போனாள். கோழிச் செட்டை தடைசெய்யப்பட்டது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு தடவை காவலர் கொடுத்தனுப்பிய க்ரௌஸைச் சமைத்து, குளியலறைக்காரரையும் விருந்துக்கு அழைத்தார்கள். அந்தப் பறவையின் பெருமையே அதன் காட்டு வாசம்தானாம். அதற்காக நாட்கணக்கில் தொங்கவிட்டுச் சமைப்பார்களாம். பிலோமி அக்கா அதை மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வாசத்தைச் சட்டன் சாக்கடையில் அனுப்பிவிட்டார். கனவான் ஒரு வாய் சாப்பிட்டு, மிக நல்ல கோழி என்றார்.

இப்போது அவற்றில் எது மிச்சம்? பிரீடா போய்விட்டாள், சோபாவில்தான், கிழவியாகித்தான். நாங்கள் செட்டை ஆட்டிய பின்வளவின் மேல் அவர்கள் மகளுக்கென்று ஓர் அறை கட்டியாயிற்று. ஓட்டு வேன் பழைய வண்டிகளைத் தடுக்கும் லண்டன் புகைச் சட்டத்துக்குத் தப்பவில்லை. நான் வேலை பார்த்த நூலகம் இப்போது உடற்பயிற்சிக் கூடம். நாய்ப் புத்தகம் எங்கே போனதோ. அந்த மலைக்காவலர் ஓய்வு பெற்றுவிட்டார். பிரீடா இறந்த பிறகு சூசை அண்ணை ஜெர்மனில் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசித்தபின், பொறுக்காமல் சட்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிலோமி அக்காதான் எடுத்தார். பின்னணியில் ஒரு சின்னக் குரல் கீச்சிட்டது. அதற்குப் பதிலாக ஒரு கிழட்டுக் குரல், எனக்கு விளங்காத பாஷையில், குழைந்து குழைந்து ஏதோ சொன்னது.

"உதென்ன சத்தம் அக்கா?"

"நாய்க்குட்டி. போன கிழமை கொண்டந்தவர். எஸெக்ஸில பிறந்தது, ஒரு சொல்லும் விளங்குதில்லை. இவர் விடியத் துவங்கினா வாய் மூடுறதில்லை." அலுத்துக்கொள்கிற குரல்தான். ஆனால் அவர் அலுத்துக்கொண்டே சிரிப்பதை நான் அறிவேன்.

மனைவியின் கையிலிருந்த கறுப்புப் பையை ஒதுக்கிவிட்டுக் கோட்டைத் திரும்பக் கொளுவியில் மாட்டினேன். அடுத்த ஞாயிறு வந்து குட்டியைப் பழக்குவதற்கு உதவட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வாங்கோ தம்பி, சாப்பிடவும் வாங்கோ. ஆனா புத்தகம் ஒண்டும் வாசிச்சுப்போட்டு வராதேங்கோ."